மூன்றிலா, மூன்றுக்குப் பிறகா

எலும்பு வார்டில் அவளைப் பூனையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக நோயாளிகளைத் துடைப்பது, புரட்டுவது, தூக்கிப் படுக்க வைப்பதுதான் அவள் வேலை. நடந்தால் காலடி கேட்காது. "எங்க வீட்டுல பேச்சுக்குரல் கேட்டா அது ரேடியோ" என்பார் அவள் கணவர். தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததால் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. படித்தவர்கள் நடுவில் தன் சொல் அம்பலம் ஏறாது என்று அவளே முடிவுகட்டி வைத்திருந்தாள். அதனால் பேசுகிற நேரத்தையும் சேர்த்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நோயாளியை வண்டியிலிருந்து கட்டிலுக்கு மாற்ற நாலு பேர் வேண்டும். அடியில் விரித்த துணியின் மூலைக்கு ஒருவர். அவள், வண்டி தள்ளுகிற அண்ணன் ஒருவர், கடல் தாண்டி வந்த நெட்டையர், மலைப்பக்கத்துச் சுருட்டைமுடிப் பெண். கடைசி இருவரின் பாஷையும் மற்ற யாருக்கும் தெரியாது. ஆனால் தலைமை நர்ஸ் தலைமாட்டில் நின்று ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினால் எல்லோருக்கும் புரியும்.

அன்று காலை, தொடை முறிந்த ஒருவரைத் தூக்கியபோது துணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மனிதர் அலறிவிட்டார்.

"ஏங்க, மூணுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்று நர்ஸ் நெட்டையரைப் பிடித்துக்கொண்டார்.

அவர் தெரியும் என்று தலையாட்டினார்.

"தெரிஞ்சே இந்த லட்சணம்!" என்றார் வண்டி அண்ணன்.

பூனையக்கா பார்த்திருந்தாள். 'மூணு' என்ற சொல் வரும்போதே அவளும் அண்ணனும் தூக்கினார்கள். நெட்டையரும் சுருட்டைமுடிப் பெண்ணும் அந்தச் சொல் முடியும்வரை காத்திருந்து தூக்கினார்கள். அவரவர் பழகிய இடத்தில் அப்படி. யார் மேலும் தப்பில்லை. நடுவில் ஒரு கண்சிமிட்டும் நேரம், அவ்வளவுதான். சொல்ல வந்தாள். பிறகு அதை விட்டுவிட்டு வண்டியைத் துடைக்கப் போனாள்.

மதியம், கூரையிலிருந்து விழுந்த ஒரு கட்டட வேலைக்காரரைக் கொண்டுவந்தார்கள். முதுகெலும்பில் முறிவு. கால்விரல்களில் இன்னும் அசைவு இருந்தது. அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் முறுக்கிக்கிட்டாலும் ரெண்டு காலும் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். எல்லாரும் கவனம்" என்று நர்ஸ் அவர் தலையை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு..."

"சிஸ்டர், எண்ணாதீங்க!"

தன் குரலைக் கேட்டு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

"பூனை பேசுதுடோய்!" என்றார் அண்ணன்.

"பேச நேரம் பார்த்தீங்களேக்கா. என்ன, சொல்லுங்க" என்றார் நர்ஸ்.

பூனையக்கா கையிலிருந்த துணியை விட்டாள். பக்கத்துக் காலிக் கட்டிலில் ஒரு துணியை விரித்து, நடுவில் ஒரு தட்டையும் தட்டில் தண்ணீர் நிரம்பிய தம்ளரையும் வைத்தாள். மற்ற மூவரையும் மூலைகளைப் பிடிக்கச் சொல்லித் தானும் பிடித்தாள். "இப்ப எண்ணுங்க சிஸ்டர்." எண்ணினார். தம்ளர் கவிழ்ந்தது.

மறுபடி நிரப்பி வைத்தாள். இம்முறை நர்ஸை எண்ண விடவில்லை. தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி மூச்சை இழுத்தாள். மூச்சு நிறைந்ததும் தூக்கினாள். நாலு மூலையும் ஒன்றாக எழும்பின. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"பாரம் தூக்குறதுக்கு முன்னாடி மனுஷங்க எல்லாருமே மூச்சிழுக்குறாங்க சிஸ்டர். எந்த ஊர்க்காரங்களா இருந்தாலும். நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்."

நர்ஸ் வேலைக்காரரின் தலைமாட்டுக்குத் திரும்பி அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே ஆரம்பிங்கக்கா."

அவள் மூச்சை இழுத்தாள். எதிரே நெட்டையரின் அகன்ற நெஞ்சு எழுந்தது, சுருட்டைமுடிப் பெண்ணின் தோள் எழுந்தது, வாயாடி அண்ணனும் வாயை மூடி மூச்செடுத்தார். துணியில் கிடந்தவரின் நெஞ்சும் கூடவே எழும்பியதைக் கண்டபோது அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கெங்கோ பிறந்தவர்கள், ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாதவர்கள். ஒரே உடம்பு எழுந்து கட்டிலுக்கு நகர்வதுபோல இருந்தது.

வேலைக்காரர் கண்ணை இறுக மூடியிருந்தார். "எப்பம்மா தூக்குவீங்க? பயமா இருக்கு."

"தூக்கியாச்சுங்க" என்றாள் பூனையக்கா.

நர்ஸ் போர்வையை விலக்கினார். "விரலை அசைங்க பார்ப்போம்."

பத்தும் அசைந்தன. கதவருகே நின்றவள் அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். நாலு பேரும் துணியை விடாமல், அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.