சித்தப்பா திருப்பித் தராத குண்டு

எனக்கென்று கிடைத்த முதல் சொத்து, பேரிங்கிலிருந்து கழன்ற ஓர் இரும்புக் குண்டு. நெல்லிக்காய் அளவு இருக்கும். ஒரு பகல்கூட அது என்னிடம் முழுசாகத் தங்கவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது. விக்கிரவாண்டியில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பட்டறையில் அரிவாளும் களைக்கொத்தும் அடித்துக்கொண்டிருந்தார்கள். இரும்பு பார்த்து வாங்குவது அப்பா, சம்மட்டி தூக்குவது சித்தப்பா. ஒருநாள் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. ஏன் என்று கேட்டதற்கு அம்மா என்னைப் போய்ப் பல் தேய்க்கச் சொன்னாள். அப்போது சாயங்காலம்.

சித்தப்பா திண்டிவனம் போகிற சாலையில் தனியாகக் கொட்டகை போட்டார். உலை வந்தது, காற்று ஊதும் மோட்டார் வந்தது. பழுத்த இரும்பை வைத்து அடிக்கப் பட்டறைக்கல்தான் இல்லை. எங்கள் பக்கம் அதையெல்லாம் யாரும் புதிதாக வாங்குவதில்லை. காயலான் கடையில் கனமான எஃகுக் கட்டை அகப்பட்டால் அதுவே கல். கட்டை மெத்தென்று அமைந்துவிட்டால் அடிக்கிற அடிக்கெல்லாம் அதிலேயே பள்ளம் விழும், தொழில் படுத்துவிடும். சித்தப்பாவோ பளபளப்பைக் கண்டால் மயங்குகிற ஆள்.

அவர் கட்டை வாங்க விழுப்புரம் கிளம்பிய காலையில் அப்பா என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு அந்தக் குண்டைக் கையில் திணித்தார்.

"சித்தப்பாகூட நீயும் போ. கடையில கெடக்கிற கட்ட மேலெல்லாம் இத்தப் போட்டு வெளையாடு. எதுல ஒசக்க எகிறுதோ, அதும்மேல ஏறிக் குந்திக்கோ. எழுந்திரிக்காத. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாத."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. படி படி என்று உயிரை வாங்குகிறவர் விளையாடச் சொல்கிறார், அதுவும் ரகசியமாக. சித்தப்பாவின் ஸ்கூட்டரில் முன்பக்கம் நின்றுகொண்டு போனேன்.

கடையில் சித்தப்பா நேராகப் போய் மழமழவென்றிருந்த ஒரு சதுரக் கட்டையைத் தட்டிக்கொடுத்து, தராசில் ஏற்றச் சொன்னார். நான் அப்பா சொன்னபடி விளையாடினேன். பல கட்டைகளில் குண்டு மொத்தென்று விழுந்து உருண்டது. மூலையில், ஓரம் உடைந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு ஓர் அழுக்குக் கட்டை கிடந்தது. அதில் போட்டதும் டிங்கென்று குண்டு என் நெஞ்சு வரைக்கும் எகிறியது. சந்தோஷத்தில் கத்திவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். என் கையிலிருந்து குண்டை வாங்கி, தான் எடுத்த சதுரக் கட்டையில் போட்டார். ஒரு சாண்கூட எழும்பவில்லை; கட்டை அவ்வளவு மெத்து.

"இது ஏது?"

"கீழ கெடந்துச்சு."

குண்டை உருட்டி உருட்டிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு கடைக்காரரிடம் போய், தாங்க முடியாத தொல்லை போல, "இன்னாண்ணா பண்றது, அந்த அழுக்குக் கட்டதான் வேணும்னு குந்திக்கினு பேஜாரு பண்ணுது. இத்த எறக்கிட்டு அத்தயே போடுங்க" என்றார்.

"கொயந்த ஆசப்படுது, எத்துக்கினு போ" என்றார் கடைக்காரர்.

நான் எதையும் வேண்டுமென்று கேட்கவே இல்லை! வீண்பழியோடு எழுந்தேன். வரும்போது, நான் நின்ற இடத்தில் அந்தக் கட்டை இருந்தது. நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். குண்டு சித்தப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டவர் அதைத் தராமலே போய்விட்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் அழுதுகொண்டே முறையிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"எவ்ளோ ஒசரம் எகிறிச்சி?"

நெஞ்சைக் காட்டினேன். "ம்" என்றார். அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

ஆயுதபூஜை வந்தது. சித்தப்பா கொட்டகையில் அந்தக் கட்டை குளித்துவிட்டு வந்தது போல இருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே என் குண்டு. அதற்கும் ஒரு பொட்டு. என்னுடையதைக் கொடு என்று கேட்டேன்.

"ஒங்கப்பாவ வந்து வாங்கிக்கினு போவச் சொல்லு" என்றார் சித்தப்பா.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் கை கழுவினார். கழுவின கையையே மறுபடியும் கழுவினார். பிறகு பெட்டியிலிருந்து சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒரு குண்டுக்கு எதற்குச் சலவைச் சட்டை?

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். நெற்றியில் புதிதாகக் குங்குமம், கையில் பொரிப் பொட்டலம். கண் சிவந்திருந்தது.

"குண்டு எங்கப்பா?"

அப்பா விழித்தார். "அடடே, மறந்தே போயிட்டேன்டி" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

போனதே அதற்குத்தான். அதைப் போய் மறப்பாரா ஒருவர்? எனக்கு ஆத்திரமான ஆத்திரம். மறுநாள் முழுக்க நான் அப்பாவோடு பேசவில்லை.