புது பிரேம் வரும் வரைக்கும்

‘டக்’. அவ்வளவுதான் சத்தம்.

சோழபுரத்திலிருந்து ராஜபாளையம் திரும்பும் வழி, சாயங்கால வெயில், காற்றில் மில் பக்கத்துப் பஞ்சு நெடி... காலுக்கடியில் சைக்கிள் இடுப்பொடிந்தது போலத் தொய்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால், பெடலுக்குச் சற்று மேலே பிரேம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை!

அப்போது நான் கிராம சுகாதார நர்ஸ். முதல் வேலை. சொந்த ஊர் திண்டிவனம் பக்கம். அப்பா என்னை ராஜபாளையத்தில் ஒரு மாடி அறையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "பத்திரமா இரும்மா" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டார். கீழே வீட்டுக்காரர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், தங்கமானவர்கள்தான். ஆனால் எனக்கு வாசல் தனி, படி தனி. நான் வந்தாலும் தெரியாது, வராவிட்டாலும் தெரியாது.

பகலெல்லாம் கர்ப்பிணிகளிடம் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுக் கேட்டு வாய் வலிக்கும். சாயங்காலம் அறைக்குள் போனால் என்னைக் கேட்க ஒரு நாதி கிடையாது. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கின்றன. அழுகையாக வரும். அழுதும் இருக்கிறேன், மறைப்பானேன்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு பாய் கடை. ரிப்பேரும் பார்ப்பார், வாடகை சைக்கிளும் விடுவார். அவரிடம் தள்ளிக்கொண்டு போய், வெல்டிங் வைத்துத் தரச் சொன்னேன்.

"வெல்டிங்கா? வாரண்டி இருக்குல்ல நர்சம்மா! நெருப்பு பட்டுச்சுன்னா கம்பெனிக்காரன் கையை விரிச்சிருவான். எங்க வாங்குனீக?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல."

"அப்பம் அங்கயே கொண்டு போங்க. சீட்டுக்குக் கீழ நம்பர் அடிச்சிருக்கும், அது அழியாமப் பாத்துக்கிடுங்க."

சக்கரம், செயின், மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் கட்டித் தன் கடையிலேயே வைத்துக்கொண்டார். வெறும் பிரேமைத் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஏறினேன். கண்டக்டர் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஸ்ரீவில்லிபுத்தூர் டீலர் பில்லைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார். பிறகு, "ஓவர்லோடு ஏத்துனீகளா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்போது நான் ஈர்க்குச்சி போல இருப்பேன்.

"ஆமா சார், தடுப்பூசி டப்பாதான் ஓவர்லோடு" என்றேன்.

சிரித்துவிட்டார். "சரிம்மா, கம்பெனிக்கு அனுப்புதேன். பதினைஞ்சு நாள்ல புதுசு வந்துரும்."

பதினைந்து நாளாவது ஒன்றாவது! ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் வந்துவிட்டது.

அதுவரைக்கும் பாய் தன் வாடகை சைக்கிள் ஒன்றைக் கொடுத்தார். சும்மா இல்லை, மாத வாடகைதான். அதற்கு ஒரு கண்டிஷன் வேறு. "ராத்திரிக்கு வண்டி கடைக்கு வந்துரணும். காலையில எடுத்துக்கிடுங்க." எல்லா வாடகை வண்டிக்கும் அதே சட்டம். கடை அடைக்கும்போது வரிசையாக நிறுத்தி, ஒரே சங்கிலியைக் கோத்துப் பூட்டுவார்.

முதலில் எனக்கு எரிச்சல். களைத்துப்போய் வருகிறவள் கடையில் வண்டியை விட்டுவிட்டு நடக்க வேண்டுமா? பிறகு பழகிவிட்டது. சாயங்காலம் வண்டியைத் திரும்ப வாங்கும்போது பாய் எதையாவது கேட்பார்.

"இன்னைக்கு என்ன, முகம் வாடிப் போயிருக்கு? சாப்பாட்டுக்கு என்ன வச்சிருக்கீக?"

"காலையில வடிச்ச சோறு இருக்கு பாய்."

"நல்லா இருக்கு கதை! ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்ற ஆளு ஆறிப்போன சோத்தைத் திங்குறதா?"

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்றைக்கு அவரிடம் என்ன சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே மிதிப்பேன்.

ஒருநாள் சோழபுரத்தில் ஒரு பிரசவம் இழுத்துவிட்டது. நான் திரும்பும்போது நன்றாக இருட்டி, தெருவில் எல்லாக் கடையும் அடைத்தாயிற்று. பாய் மட்டும் கையில் சங்கிலியோடு வாசலில் நிற்கிறார்.

"இன்னும் செத்த நேரம் பாத்துட்டு நானே ஒரு சைக்கிளை எடுத்துக்கிட்டுத் தேடக் கிளம்பியிருப்பேன். பிரசவக் கேஸா?"

"ஆமா பாய். ஆம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அவர் காத்திருந்தது சைக்கிளுக்காகத்தான். இருக்கட்டுமே. நான் இன்னும் வரவில்லை என்பது அந்த ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஒரு காலையில், வாயெல்லாம் பல்லாக பாய் சொன்னார். "நர்சம்மா, பிரேம் வந்துருச்சு! டீலர் பஸ்ஸுல போட்டு விட்டிருக்காரு."

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மாட்டி முடித்து, துடைத்து நிறுத்தியிருந்தார். பெயிண்ட் பளபளத்தது. சந்தோஷம்தானே வர வேண்டும்? நானோ வாடகை வண்டியின் ஹாண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இனிமே கடைக்கு அலைய வேண்டாம். வீட்டுலயே நிறுத்திக்கிடலாம்" என்றார். நல்லதாக நினைத்துத்தான் சொன்னார்.

அன்றும் மறுநாளும் நேரே அறைக்குப் போனேன். அதற்கடுத்த நாள் தாங்கவில்லை... கடை முன்னால் இறங்கிவிட்டேன்.

"என்னம்மா, வண்டியில கோளாறா?"

"இல்ல பாய்... காத்து அடிக்கணும்."

பாய் குனிந்து முன் டயரை அமுக்கினார். கல்லாட்டம் இருந்தது. பின் டயரையும் அமுக்கினார். என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பம்பை எடுத்து வைத்து நாலு அடி அடித்தார்.

"புதுசா மாட்டுன வண்டியில்ல, காத்து இறங்கத்தான் செய்யும். தினமும் சாயங்காலம் வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். "சரி, சாப்பாட்டுக்கு என்ன வச்சிருக்கீக?"

மாற்றல் ஆகி நான் ஊரை விட்டுப் போகிற வரைக்கும் அந்த டயர்களில் தினமும் காற்று குறைந்துகொண்டேதான் இருந்தது.

இப்போது ரிட்டயர் ஆகி மதுரையில் இருக்கிறேன். மகன் வெளிநாட்டில். அம்மா எங்கே இருக்கிறாள் என்று போன் மேப்பிலேயே பார்த்துக்கொள்கிறான், அதனால் கேட்பதில்லை. போன வாரம் ஸ்கூட்டருக்குக் காற்று பிடிக்க பெட்ரோல் பங்க் போனேன். எல்லாம் மெஷின். குழாயை மாட்டினதும் ‘பீப்’ என்று கத்திவிட்டு நின்றுகொண்டது.

"காத்து சரியா இருக்கு மேடம், கிளம்புங்க" என்றார் அங்கே நின்றவர்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குத்தான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்க வேண்டும் போல இருந்தது.