அக்காவின் பயண அனுபவமும் கட்டாமல் போன வளைவும்

உறவினர்களே, நண்பர்களே, அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. "அழுது வடியாம எழுது" என்று மாமா எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார். அழுகிற பக்கங்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அக்காவிடம் அதிகம் திட்டு வாங்கிய தம்பி என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக் கரையோரச் சிற்றூரில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவு நட்டு, கரும்பு வெட்டி எங்களைப் படிக்கவைத்தார்கள். அக்கா நர்ஸ் பயிற்சிக்குக் கிளம்பியபோது, "பொட்டப்புள்ளய வெளியூருக்கு அனுப்பறியே" என்று கேட்காத ஆளில்லை. அப்பா தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அக்காவுக்கு முன்னால் நடந்தார்.

பெரம்பலூர் – அரியலூர் சாலையில் இப்போது நாங்கள் இருக்கும் ஊரில்தான் அக்காவுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வேலை கிடைத்தது. அக்காவைக் கட்டிக்கொண்ட மாமாவும் இந்த ஊர்தான். சிமெண்ட் ஆலையில் எழுத்தர் வேலை கிடைத்து நானும் பின்னாலேயே வந்து சேர்ந்தேன். இந்த வட்டாரத்துக்கே அக்கா 'நர்சம்மா'. காய்ச்சல் என்று வந்தாலும் கால்வலி என்று வந்தாலும் அவர் பெண்களிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "காலையிலேர்ந்து தண்ணி குடிச்சியா?" அவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். வேலைக்கோ சந்தைக்கோ பஸ் ஏறும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போய் ஒதுங்குவது? நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக வந்து நிற்பார்கள். அக்காவுக்கு அதில் தீராத கோபம்.

ஓய்வு பெற்ற பிறகு மருமகள் பிரசவத்துக்காக அக்கா சிங்கப்பூர் போனார். திரும்பி வந்ததும் எங்கள் ஊர்ச் சேவைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் 'சிங்கப்பூர் பயண அனுபவம்' என்று பேசச் சொன்னோம். அக்காவும் சங்க உறுப்பினர், நான் செயலாளர். உறுப்பினர்களின் வீட்டுப் பெண்கள் பட்டுப்புடவை கட்டி முன்கூட்டியே வந்து இடம் பிடித்தார்கள். வண்ண விளக்கு, வானளாவிய கட்டடம் என்று எதிர்பார்த்தோம். அக்கா அரைமணி நேரம் பேசியது கழிப்பறையைப் பற்றி.

"அங்க பஸ் ஸ்டாண்டு கக்கூசுல கதவுக்குப் பின்னாடி ஒரு கொக்கி வெச்சிருக்காங்க. கைப்பையை மாட்டிக்கலாம். நான் போன இடத்துலல்லாம் பார்த்துட்டேன், இருக்கு. யாரோ ஒரு பொம்பளைகிட்ட கேட்டுட்டுத்தான் கட்டியிருக்காங்க."

தலைவர் இருமினார். பக்கத்தில் இருந்தவர் என் காதோரம், "செயலாளரே, போட்டோ ஏதாச்சும் இருந்தா காட்டச் சொல்லுங்களேன்" என்றார். போட்டோவும் இருந்தது. அதுவும் கழிப்பறைதான்.

கடைசியில் அக்கா விஷயத்துக்கு வந்தார். "நம்ம பஸ் ஸ்டாப்புல பொம்பளைங்களுக்கு ஒண்ணு கட்டுவோம்." ஆனால் அந்த ஆண்டுத் திட்டமாக ஊர் முகப்பில் ஒரு வரவேற்பு வளைவு கட்டுவதென்று நாங்கள் முன்பே பேசிவைத்திருந்தோம். வளைவில் நிர்வாகிகள் பெயரைப் பொறிப்பார்கள். என் பெயருக்கு எழுத்து எவ்வளவு உயரம் என்பதுவரை நான் யோசித்துவிட்டேன். கை தூக்கச் சொன்னபோது வளைவுக்குத்தான் தூக்கினேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். வீட்டுக்குப் போய், "ஏன்க்கா, மிஞ்சிப்போனா ஒன்றரை மணி நேர பஸ்ஸு. அதுவரைக்கும் அடக்கிக்க முடியாதா?" என்று கேட்டுவைத்தேன்.

"சரி தம்பி. நாளைக்குத் திருமானூர் வரைக்கும் போயிட்டு வருவோம். நீ அடக்கிக் காட்டிட்டா வளைவுக்கு முதல் செங்கல்ல நானே எடுத்துத் தரேன்."

கிளம்பும் முன் இரண்டு சொம்பு நீர்மோர். வழியில் மரத்தடி கிடையாது, சுவரோரம் கிடையாது. "பொம்பளையா வா" என்றார். எனக்குச் சர்க்கரை வேறு!

அரியலூரை நெருங்கும்போதே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசைகட்டி நின்றன. பஸ் ஊர்ந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை மென்றுகொண்டே, "வெயிலா இருக்கே, இன்னும் கொஞ்சம் மோர் குடிக்கிறியா?" என்றார். கொழுப்பு! கீழப்பழுவூர் தாண்டும்போது எனக்கு வேர்த்துக் கொட்டியது. கண்டக்டர் பயந்துபோய், "என்ன சார், நெஞ்சு வலிக்குதா?" என்றார்.

"நெஞ்சு இல்ல தம்பி, அதுக்குக் கீழ" என்றார் அக்கா. பஸ்ஸே சிரித்தது.

திருமானூரில் இறங்கியதும் கருவேலம்புதர் பக்கம் ஓடப் பார்த்தேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க எங்க போற? பட்டப்பகல்ல பொம்பளை அங்க போவாளா?"

"அக்கா, தோத்துட்டேன்க்கா. விட்டுடுக்கா."

கையை விட்டார். நான் திரும்பி வந்தபோது அவர் சிரிக்கவில்லை. "நீ ஒருநாள் வந்த. அதுங்க தினம் வருதுங்க தம்பி" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த மாதக் கூட்டத்தில் 'திருமானூர் பயண அனுபவம்' என்று நான் படித்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், அதுவரை கூட்டத்தில் வாயே திறந்திராத தலைவர் மனைவி எழுந்து, "எங்க வூட்டுக்காரருக்கும் ரெண்டு சொம்பு மோர் குடுங்க நர்சம்மா" என்றார். மறு பேச்சில்லாமல் தீர்மானம் மாறியது. வளைவை இன்றுவரை கட்டவில்லை.

கட்டடம் எழும்பியது. கதவுக்குப் பின்னால் கொக்கியும் வைத்தோம். பெயர்ப் பலகை என்று வந்தபோதுதான் எங்கள் அடக்கத்தைப் பார்க்க வேண்டும்! "எனக்கு எதுக்குங்க விளம்பரம்" என்று ஆளாளுக்கு ஒதுங்கினோம். "என் பேரப் போடுங்க. எங்கப்பா இனிஷியலோட போடுங்க" என்றார் அக்கா. திறந்துவைக்க முக்கியப் புள்ளி யாரும் அகப்படவில்லை. அப்போது பஸ்ஸிலிருந்து குழந்தையோடு இறங்கிய ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அக்கா கத்தரிக்கோலை நீட்டினார். "அவசரம்ங்க, வந்து வெட்டறேன்" என்று அந்தப் பெண் ரிப்பனுக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடிவிட்டார்.

அதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள மலர்க்கொடி வந்தார். தினமும் காலையில் அக்கா போய்ப் பார்ப்பார். பிளீச்சிங் பவுடர் போதவில்லை என்று சண்டை நடக்கும். பிறகு இருவரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். இதயம் தளர்ந்து படுத்த பிறகும் சாயங்காலம் மலர்க்கொடி வந்து அன்றைய நிலவரம் சொன்னால்தான் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கும். ஒருநாள் காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், சிங்கப்பூரிலிருந்து பிள்ளை வந்து சேரும்வரை கூடவே இருந்த சொந்தங்களுக்கும், பந்தல் முதல் சாப்பாடு வரை எடுத்துச் செய்த சங்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவை எடுத்த அன்று, வீட்டுக்கு வழி காட்டுவதற்காக நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பெரம்பலூர்ப் பக்கமிருந்தும் திருமானூர்ப் பக்கமிருந்தும் மாலையோடு பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சாவு வீட்டில் போய் எப்படிக் கேட்பது என்ற கவலை அவர்களுக்கு இல்லை. நேரே அந்தக் கட்டடத்துக்குள் போய், முகம் கழுவிக்கொண்டு, பிறகுதான் அழ வந்தார்கள்.

பாடையைத் தோளில் தூக்கிய பிறகு மலர்க்கொடி ஓடிவந்தார். புடவைக் கரையெல்லாம் ஈரம். "ஆளு வந்துக்கிட்டே இருந்தாங்கண்ணே. கழுவாம அப்படியே போட்டுட்டு வந்தா நர்சம்மா திட்டுமேன்னு…"

தூக்கியதை இறக்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். "இறக்குங்கப்பா" என்றேன். மலர்க்கொடி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அக்காவின் முகத்தைத் தொட்டு அழுது முடிக்கும்வரை ஊரே நின்றது.