வடிகால் ஓரம் உட்கார்ந்தவள்

ஹோசியத் பிறந்தது கீழூரில், வாழ்க்கைப்பட்டது எங்கள் மேலூரில். பத்து நாளைக்கு ஒருமுறை ஆற்றுத் தண்ணீரைச் சீசாவில் பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவது அவள் வேலை. இருபது வருஷமாக இரண்டு ஊருக்கும் அவளைப் பிடிக்காது.

உப்பு மலையை அரித்துக்கொண்டு வருகிற ஆறு. எங்கள் ஊருக்கு வரும்போதே டீ கரிக்கும். குளிர்காலத்தில் பருத்தி வயலில் தண்ணீர் கட்டி, மண்ணில் பூத்த உப்பைக் கழுவி, வடிகால் வழியே ஆற்றிலேயே விடுவோம். அதற்குக் கீழே கரிப்போடு கசப்பும் சேரும்.

அந்த ஜனவரியில் கீழூரிலிருக்கும் தம்பி துர்தியைப் பார்க்கப் போனாள். அவன் கோப்பையை விளிம்புவரை நிரப்பி நீட்டினான். எங்களில் பாதிக் கோப்பைதான் மரியாதை; ததும்ப ஊற்றினால் எழுந்து போ என்று பொருள்.

"என் மரமெல்லாம் பட்டுப்போச்சு. பிள்ளைங்களுக்கு வயித்தால போகுது. நீ புருஷன் ஊருக்குத் தாளம் போடு. வடிகாலுக்கு மேலேயே சீசாவை முக்கினா மலை உப்புதானேக்கா வரும்?"

"கீழேயும் எடுக்கறேன்டா. நான் போற அன்னிக்கெல்லாம் வடிகால்ல தண்ணி வர்றதில்ல."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது.

அடுத்த முறை சீசாவோடு ஆற்றுக்குப் போனபோது வடிகால் வாய் மண்ணால் அடைபட்டிருந்தது. மண்ணில் ஈரம் காயவில்லை. கணவனின் அண்ணன் மமராஜப் மண்வெட்டியோடு நின்றார்.

"தண்ணி இல்லைன்னு எழுதிட்டுக் கிளம்பும்மா."

"வரட்டும் அத்தான். இருக்கேன்."

"தின்ன வீட்டுக்கே குழி பறிக்கிறியா? சோதனைத் தாள்ல கசப்புன்னு வந்தா சர்க்கார்ல வடிகாலை மூடச் சொல்லுவான். அப்புறம் பருத்தி உன் தலையிலயா முளைக்கும்?"

"இப்ப மூடியிருக்கறது யாராம்?"

ஆட்டுத்தோலை விரித்து உட்கார்ந்துவிட்டாள். "இவளையும் சேத்து வச்சு அடைச்சிருக்கணும்" என்றார்கள் கூட நின்ற ஆம்பிளைகள். அன்று வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச எங்கள் முறை. சாயங்காலம்வரை வாய்க்கால் தண்ணீர் வயலில் இறங்கிக்கொண்டே இருக்கும், நிறுத்த முடியாது. வடிய வழியில்லாமல் மதியத்துக்குள் வரப்பைத் தாண்டி மமராஜபின் ஆட்டுப்பட்டிக்குள் நுழைந்தது. குட்டிகள் கத்தின. அவள் பரம்பரையையே திட்டிக்கொண்டு அவரே மண்ணை வெட்டி எறிந்தார்.

முதல் கலங்கலைப் போகவிட்டாள். அதே தண்ணீரில் சீசாவை மூன்று முறை அலசி, நிதானமாகப் பிடித்தாள்.

அன்று சாப்பாட்டில் மமராஜப் தன் கையாலேயே டீ ஊற்றினார். ததும்பியது. கணவன் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அடிவரை குடித்துவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினாள்.

"இன்னும் ஊத்துங்க அத்தான். இங்க வெறும் கரிப்புதான். துர்தி வீட்டுல ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."