மீட்டர் யார் பேரில்?

தண்ணீர் கம்பெனியின் புகார் கவுண்டர் என்பது, தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும் இடம். ஈப்போவில் ஒன்பது வருஷமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். எண் சீட்டோடு காத்திருந்து நொந்தவர்களே, கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் சுகமில்லை.

பணம் கட்டலாம், புகார் கூடாது

செமோர் பக்கத்து முன்னாள் தோட்டத்திலிருந்து திரேசா அக்கா வந்தார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஐந்து நாளாகத் தண்ணீர் இல்லை. படுக்கையில் கிடக்கும் வீட்டுக்காரரைத் துடைத்துவிடக்கூட வழியில்லை. கணினியைத் தட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர், அதுவும் தோட்டத்துப் பழைய மேனேஜர் பேரில். அதனால் வீட்டுக் கட்டணம் கிடையாது, கூடுதலான கம்பெனிக் கட்டணம். மாதம் தவறாமல் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். பணத்தை யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம். புகாரை மட்டும் மீட்டர் யார் பேரில் இருக்கிறதோ அந்தக் கணக்குக்காரர்தான் கொடுக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கே வாய் கூசியது.

"அவரு செத்துப் பதினஞ்சு வருசமாச்சு தம்பி. கூட்டியாரச் சொன்னா எந்த பஸ்ல ஏறுறது?"

பச்சை விளக்கு

மேலதிகாரியிடம் ஓடினேன். அவர் கணினியைத் திருப்பிக் காட்டினார். அந்த விலாசத்துக்குத் தண்ணீர் தடையில்லாமல் போகிறதாம், பச்சை விளக்கு எரிகிறது. இருந்தாலும் மனமிரங்கி ஒரு லோரித் தண்ணீருக்கு உத்தரவு போட்டார். லோரி ஓட்டும் செல்வத்திடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பச்சை லைட்டுக்குக் கீழ வாளிய வைக்கச் சொல்லு மச்சான், ரொம்புதான்னு பாப்போம்."

பங்களாவுக்கு வந்த லோரி

கணக்கில் உள்ள விலாசத்துக்குத்தான் லோரி போகும். அது மேனேஜரின் பங்களா. இப்போது அங்கே சூப்புக்கான குருவிக்கூடு வியாபாரம் நடக்கிறது. லயம் அரைக்கட்டை, அதாவது அரை மைல் தூரம் கீழே. செல்வம் ஹாரன் அடித்ததும் பன்னிரண்டு வீடும் வாளியோடு மேடேறி வந்தது. கணக்குக்காரர் கையெழுத்து இல்லாமல் குழாயைத் திறக்கக் கூடாது. செல்வம் கையெழுத்துப் பாரத்தை நீட்டிவிட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். மாதாமாதம் பில்லில் பார்த்த பேர்தானே, திரேசா அக்கா அழகாக எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அதே கையெழுத்தில் புகாரும் வந்தது. இரண்டே நாளில் குழாய் சரியாகிவிட்டது. திருப்திப் பாரத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டுக் கொடுக்க அக்கா நேரில் வந்தபோது, இது தப்பில்லையா என்று மெதுவாகக் கேட்டேன்.

"உசுரோட இருந்தப்ப எங்களுக்கு ஒண்ணும் செய்யல தம்பி. இப்பவாச்சும் செய்யட்டும் லா."

எங்கள் கம்பெனியில் மிகவும் திருப்தியடைந்த வாடிக்கையாளர் பதினைந்து வருஷத்துக்கு முன் செத்தவர். அந்தத் தண்ணீரைக் குடித்து உயிரோடு இருக்கும் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் இன்னும் வாடிக்கையாளர்களே இல்லை.