சீனித்தம்பி சொன்ன ‘ஓம்’

போன திங்கட்கிழமை என்னைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதாக மட்டக்களப்புப் புளியந்தீவில் ஒரு கதை உலாவுகிறது. வாசகர்கள் பதற வேண்டாம். போனது உண்மை. பிடித்தது பொய்.

மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. வகுப்பு வாசலில் ஒரு பொலிஸ்காரர். ஸ்டேஷனில் வழக்கமாக மொழிபெயர்ப்பவர் லீவாம். இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் தேவையாம். ஒரு மணித்தியால வேலைதானாம். நான் அவரோடு கிளம்பியபோது மாணவர்களின் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி இருக்கிறதே… அதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

இன்ஸ்பெக்டர் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த, வீட்டிலும் இங்கிலீஷ் பேசுகிற பறங்கியர். நல்ல மனிதர். ஆனால் அவருக்குத் தெரிந்த தமிழ் ‘வா’, ‘போ’ இரண்டும்தான். சுதந்திரம் கிடைத்துப் பதினைந்து வருடமாகியும் எங்கள் ஊர்க்காரரின் வாக்குமூலம் இங்கிலீஷ் வழியாகத்தான் போகவேண்டியிருக்கிறது. என்ன செய்ய?

அவர் முன்னால் நின்றவர் சீனித்தம்பி. கரடியனாற்றில் பெரிய நிலக்காரரான ஒரு போடியாரின் வயல் வட்டைக்குக் காவல்காரர். வயது ஐம்பது இருக்கும். வயல் கொட்டிலில் இருந்த தண்ணீர் இறைக்கும் மெசின் ஒருநாள் மத்தியானம் வரை இருந்திருக்கிறது. மறுநாள் காலை இல்லை. அன்றிரவு காவல்காரரையும் வயலில் காணவில்லை. வேறு யாரைச் சந்தேகிப்பார்கள்?

விசாரணை தொடங்கியது. அன்று பின்னேரம் நீ கொட்டிலுக்குப் போகவில்லையா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“ஓம்” என்றார் சீனித்தம்பி.

“யெஸ்” என்றேன் நான்.

அங்கே வேறு யாரையும் காணவில்லையா? அதற்கும் ஓம். அதற்கும் யெஸ். யாரைக் கண்டாய் என்று இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். ஒருத்தரையும் காணவில்லை, தான் அங்கே போகவேயில்லை என்றார் சீனித்தம்பி. இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது. இப்போதுதானே போனதாகச் சொன்னான்? எனக்கும் தலை சுற்றியது. இந்த மனிதர் ஏன் மாற்றி மாற்றிப் பேசுகிறார்?

பொறுமையிழந்த இன்ஸ்பெக்டர் நடந்ததைத் தானே சொல்லத் தொடங்கினார். நீ கொட்டிலைத் திறந்தாய். மெசினை வண்டியில் ஏற்றினாய். எங்கேயோ ஒளித்துவைத்தாய். ஒவ்வொரு வசனமாக நான் தமிழ்ப்படுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் சீனித்தம்பி பணிவாகத் தலையாட்டி “ஓம்… ஓம்…” என்றார். நானும் யெஸ், யெஸ் என்றேன். இன்ஸ்பெக்டர் வேகமாக எழுதினார். மறுநாள் கோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வெளியே நின்ற சார்ஜனுக்குக் குரல் கொடுத்தார்.

அப்போது சீனித்தம்பி மெல்ல என் பக்கம் திரும்பினார்.

“அப்ப நான் போகட்டா சேர்? பொழுது பட்டா வட்டைக்குள்ள பண்டி இறங்கும்.”

கம்பி எண்ண மறியலுக்குப் போகிற மனிதர் பன்றி விரட்டப் போவதாகச் சொல்கிறாரே! மெசினை எடுத்ததாக இப்போது ஒத்துக்கொண்டீர்களே என்று கேட்டேன்.

“நானா? ஐயா கதைக்கக்குள்ள ஓம் போட்டன், சேர். பெரிய மனிசர் கதைக்கக்குள்ள சும்மா வாய மூடிக்கிட்டு நிண்டா மரியாத இல்லயே.”

அவருடைய ஓம் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்ற ஓம். அதற்கு முந்திய ஓம் இன்னும் மோசம். தமிழில் ‘போகல்லையா?’ என்று கேட்டு ‘ஓம்’ என்றால், ஓம், போகவில்லை. இங்கிலீஷில் அதே கேள்விக்கு ‘யெஸ்’ என்றால், யெஸ், போனேன். இருபது வருடமாக இதைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிறவன் நான்!

இன்ஸ்பெக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். முடிவாக யெஸ்ஸா, நோவா என்றார். ஓம் என்பது யெஸ்தான் சேர், ஆனால் இந்த யெஸ் நோ என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், மெசினை நான்தான் எடுத்தேனோ என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

கேள்வியே கேட்காமல் கொஞ்ச நேரம் சீனித்தம்பியைப் பேச விடுவோமா என்று கெஞ்சினேன். அரை மனதோடு பேனாவை வைத்தார்.

“அண்டைக்கு விடிஞ்சதில இருந்து என்ன நடந்ததெண்டு நீங்களே சொல்லுங்க” என்றேன்.

சீனித்தம்பி முதலில் மழையைப் பற்றிச் சொன்னார். பிறகு வரப்பு உடைந்ததை. பிறகு அவருடைய மனைவிக்கு வயிற்றுவலி வந்ததை. மத்தியான பஸ்ஸில் அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, வார்டில் விட்டுவிட்டு, திரும்ப பஸ் இல்லாமல் விறாந்தையில் படுத்தாராம். காவலை விட்டுவிட்டுப் போனதைப் போடியார் அறிந்தால் வேலை போய்விடும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லிக்கொண்டே மடியை அவிழ்த்து, நாலாக மடித்த ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டை மேசையில் வைத்தார். திகதி, நேரம் எல்லாம் அதில் இருந்தன. இங்கிலீஷில். இன்ஸ்பெக்டர் தானே வாசித்தார். வாசித்துவிட்டு, எழுதிய தாள்களைக் கிழித்தார்.

இதை முதலே ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

“ஐயா மெசினப் பத்தித்தானே கேட்டவர், சேர். பொஞ்சாதியப் பத்திக் கேக்கல்லயே.”

காவலை விட்டுப் போன விஷயத்தைத் தானே போடியாரிடம் பேசுவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். சீனித்தம்பி என்னைக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார். நான் கூசிப்போய் நின்றேன். அந்தக் கும்பிடு எதற்கு? காப்பாற்றியதற்கா, மாட்டிவிடப் பார்த்ததற்கா?

தொடர்பாடல் என்று ஒரு சாஸ்திரமே வளர்ந்து வருகிறதாம். நாம் அனுப்புவது ஒன்று, மற்றவருக்குப் போய்ச் சேர்வது இன்னொன்று என்று அதில் சொல்கிறார்களாம். பொலிஸாருக்கு அதைப் படிப்பித்தால் நல்லதுதான். பதிலையும் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விக்கு, மரியாதை தெரிந்த மனிதர் ஓம் என்றுதானே சொல்வார்? நடந்ததைச் சொல் என்று விட்டுவிட்டால் மழையும் வரும், வரப்பும் வரும்… கடைசியில் உண்மையும் வரும்.

மெசினை யார் எடுத்தது? இன்றுவரை தெரியாது.

அன்று அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.