பைலி தோற்ற ஆட்டங்கள்

எங்கள் சந்தை முக்கில் சுமைத் தொழிலாளிகளுக்கென்று ஒரு ஷெட் உண்டு. லாரி வராத நேரமெல்லாம் நாங்கள் அங்கேதான் பாய் விரித்துக் கிடப்போம், சீட்டும் கையுமாக. ஆடுவது இருபத்தெட்டு. நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டு, ஜாக்கிதான் பெரிய சீட்டு. ஒருவன் துருப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு இத்தனை புள்ளி எடுக்கிறேன் என்று சவால் விடுவான். காசு வைத்து ஆடுகிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. தோற்ற ஜோடி குணுக்கு போட வேண்டும், அவ்வளவுதான். பலா இலையைச் சுருட்டி ஈர்க்குச்சி குத்தி இரண்டு காதிலும் தொங்கவிடுவோம். அடுத்த ஆட்டம் ஜெயிக்கும் வரை கழற்றக் கூடாது. நடுவில் லாரி வந்தால் அதோடுதான் மூட்டை தூக்க வேண்டும். மீன் வாங்க வந்த பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

பதினெட்டு வருஷம் எனக்கு எதிரே உட்கார்ந்தவன் பைலி. அவனால் என் காதும் பதினெட்டு வருஷம் பச்சையாகவே இருந்தது. நல்ல சீட்டு வந்தால் முகம் மலர்ந்துவிடும், கெட்ட சீட்டு வந்தால் மூக்கைச் சொறிவான். எதிர் ஜோடி ஹம்சாவும் சசியும் அவன் மூக்கைப் பார்த்தே சவாலைக் கூட்டுவார்கள். நான் பல்லைக் கடிப்பேன். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம், ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். பைலிக்கு ரோஷமே கிடையாது. குணுக்கோடு வீட்டுக்கே போய்விடுவான். ஒருநாள் அப்படியே ஞாயிறு பூசைக்குப் போகப் பார்த்தவனை அவன் பெண்டாட்டி ஏலிக்குட்டி படியில் பிடித்து நிறுத்தினாளாம்.

அவனிடம் ஒரே ஒரு கதை இருந்தது. அவன் மாமனார் கள்ளுக் குடித்துவிட்டு அடுத்த வீட்டு மாட்டைத் தன் மாடென்று இழுத்துவந்து மூன்று நாள் பால் கறந்த கதை. வாரம் ஒருமுறை சொல்வான். சொன்னதே நினைவில்லாமல் சொல்வான். நாங்களும் கேட்டதே இல்லாத மாதிரி சிரிப்போம். உண்மையிலேயே சிரிப்பு வரும், அவன் சொல்கிற அழகு அப்படி.

ஒரு மழைக்காலத்தில் சிமெண்ட் லாரியின் மேலிருந்து வழுக்கி விழுந்தான். பின்மண்டையில் அடி. பிழைத்துக்கொண்டான், ஆனால் ஞாபகம் கலங்கிவிட்டது. என்னைப் பார்த்து ஹம்சா என்று கூப்பிட்டான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். இன்னும் பரிசோதனையில் இருக்கிற மருந்து ஒன்று இருக்கிறது, ஞாபகம் திரும்பலாம், சம்மதமா என்று அங்கே கேட்டார்கள். ஏலிக்குட்டி கையெழுத்துப் போட்டாள். நானும் சாட்சிக்குப் போட்டேன். மொத்தம் பதினாறு ஊசி.

ஆறாவது ஊசியில் என் பெயர் வந்தது. பத்தாவதில் தொலைந்த ஞாபகமெல்லாம் வந்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் புண்ணியம். பதினாறும் முடிந்தபோது டாக்டர்கள் கூட்டமாக வந்து அவனைப் பார்த்தார்களாம். தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த மருத்துவப் புத்தகத்தை அவன் இரண்டு நாளில் படித்து முடித்து, அதில் ஒரு தப்பும் கண்டுபிடித்திருந்தான். ஏழாம் வகுப்போடு நின்றவன். எங்கள் ஷெட்டுக்கே பெருமையாக இருந்தது. ஆளுக்கு இரண்டு பரோட்டாவும் மாட்டுக்கறியும் வாங்கி அவனை வரவேற்றோம்.

திரும்பி வந்து அவன் ஆடிய முதல் ஆட்டத்தை நான் மறக்க மாட்டேன். மூன்று பிடி முடிந்ததும் கையிலிருந்த சீட்டைக் கீழே விரித்து வைத்தான். ஹம்சாவிடம் என்ன இருக்கிறது, சசியிடம் என்ன இருக்கிறது, கவிழ்த்து வைத்த துருப்பு எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். ஒன்றுகூடத் தப்பவில்லை. நாங்கள் கை தட்டினோம். ஒரு மாதம் என் காதில் காற்று மட்டும்தான். பதினெட்டு வருஷக் கடனைத் தீர்க்கிற மாதிரி ஹம்சா காதிலும் சசி காதிலும் நானே இலை சுருட்டி மாட்டினேன். அந்த ஒரு மாதம் எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம் ஹம்சாவுக்குத் திடீரென்று வெயிலில் நடப்பது உடம்புக்கு நல்லது என்று தோன்றிவிட்டது. சசிக்கு மதியமானால் தூக்கம் வந்தது. வேறு யாரைக் கூப்பிட்டாலும் முதுகு வலி, தலைவலி. ஆடத் தொடங்கும் முன்பே முடிந்துபோன ஆட்டத்தில் உட்கார யாருக்குப் பிடிக்கும்? அதைவிட இன்னொன்று. பைலி இப்போது எல்லார் முகத்தையும் சீட்டைப் பார்க்கிற மாதிரியே பார்த்தான். அக்கா வீட்டுக்குப் போனேன் என்று ஹம்சா சொன்னால் பைலி தலையைக் குனிந்துகொள்வான். அந்தக் குனிதலிலேயே ஹம்சா போனது வேறு எங்கோ என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவன் வாயைத் திறக்கவே வேண்டாம். சசி ஒரு வேடிக்கை சொல்லத் தொடங்கினால் பைலி பாதியிலேயே சிரித்துவிடுவான். மரியாதைக்குத்தான் சிரித்தான், பாவம். ஆனால் முடிவைத் தெரிந்துகொண்டு சிரிக்கிறவன் முன்னால் யார் மீதியைச் சொல்வார்கள்?

ஏலிக்குட்டி ஒருநாள் காய்கறிப் பையோடு ஷெட்டுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"திவாகரன் சேட்டா, அவரு அடிக்கல, திட்டல. குடிக்கிறதுகூட இல்ல. ஆனா நான் வாயத் திறக்கறதுக்குள்ள பதில் வந்துடுது. மீன் விலையப் பத்திச் சொல்ல வந்தாலும், எங்கம்மா ஞாபகம் வந்து அழ வந்தாலும், அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அந்த வீட்ல நான் யார்கிட்டதான் பேசறது?"

நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்றேன். சரியாகும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. சர்ச்சுப் பாதிரியார் பள்ளி அச்சனோ, இது கர்த்தர் கொடுத்த வரம், புலம்பக் கூடாது என்று பைலியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். வரம் வாங்கியவன் பக்கத்தில் பூசை நேரத்தில்கூட ஒரு ஆள் இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

கடைசியில் ஷெட்டில் பேச்சு எழுந்தது. பைலி வேலைக்கு வரட்டும், கூலி வாங்கட்டும், பாயில் மட்டும் உட்கார வேண்டாம் என்றார்கள். யூனியன் கன்வீனர் நான். சொல்லவேண்டிய பாவம் என் தலையில் விழுந்தது. பாலில்லாத கட்டஞ்சாயா வாங்கிக்கொண்டு அவனிடம் போனேன். கிளாஸை நீட்டும்போதே அவன் கண் நிறைந்துவிட்டது.

"பாயில இருந்து எழுப்பிடாதீங்கடா," என்றான். "வீட்ல அவ என்னப் பார்த்தாலே பயப்படறா. பூசைக்குப் போனா பள்ளியில யாரும் பேசறதில்ல. எனக்கு இந்தப் பாய் மட்டுந்தான் மிச்சம். ஒரு மாசம் பொறுங்க, நான் சரி பண்ணிக்கிறேன்."

மறுநாளே பஸ் ஏறி அந்த ஆஸ்பத்திரிக்குப் போனான். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறான். அதற்கு மருந்தில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இத்தனை நல்ல பலன் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை என்று சொல்லி இரண்டு போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்களாம். இதைச் சொல்லும்போது அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நாங்கள் தோற்றோம்.

பைலி ஒரு ஜாக்கியை அவசரப்பட்டு இறக்க, ஹம்சா அதைத் துருப்படித்து வெட்டினான். ஷெட்டே எழுந்து நின்று கூச்சல் போட்டது. சசி ஓடிப்போய்ப் பலா இலை பறித்து வந்தான். பைலி காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், முகமெல்லாம் வெட்கம். அன்றைக்கு உப்பு லாரி வந்தது. குணுக்கு ஆட ஆட அவன் மூட்டை சுமந்ததைப் பார்த்து மீன்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மருந்தின் வேகம் குறைந்துவிட்டது என்று ஹம்சா தீர்மானமாகச் சொன்னான். எல்லாரும் அப்படியே நம்பினோம். நம்பத்தான் ஆசையாக இருந்தது.

மூன்று வாரம் பழைய ஷெட் திரும்பி வந்தது. பத்தில் ஏழு தோற்றோம். மாமனார் மாட்டைப் பிடித்துவந்த கதையைக்கூட அவன் மறுபடி சொன்னான், மூக்கைச் சொறிந்துகொண்டே. ஏலிக்குட்டியும் ஒரு நாள் வாசலில் நின்று அவன் காதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அன்று அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

கெடுத்தது நான்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் என் வீட்டில் பெரிய சண்டை. என் பெண்டாட்டி அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, வழக்கம்போலச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தேன். அன்று நாங்கள் வரிசையாக நாலு ஆட்டம் ஜெயித்தோம். நாலிலும் கடைசி அடி என் கையால்தான் விழுந்தது. முதல் இரண்டுக்கு மார்பு நிமிர்ந்தது. நாலாவது முடிந்தபோது பைலி என்னைப் பார்த்தான். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

மூன்று வாரத்து ஆட்டங்களை யோசித்துப் பார்த்தேன். நாங்கள் தோற்றதெல்லாம் ஒரே ஒரு புள்ளியில். சசியின் மகள் பரீட்சையில் தவறிய மறுநாள் ஜெயித்த சீட்டு சசியின் கையிலிருந்து விழுந்தது. ஹம்சாவுக்கு முட்டி வீங்கி மூட்டை தூக்க முடியாமல் உட்கார்ந்த வாரம் முழுக்க ஹம்சா ராஜா. யாருக்கு என்றைக்கு மனசு சரியில்லையோ, அன்றைக்கு ஆட்டம் அவனுக்கு. முப்பத்திரண்டு சீட்டையும் எங்கள் மூன்று பேர் கஷ்டத்தையும் ஒன்றாகக் கணக்குப் போட்டு ஆடியிருக்கிறான். மருந்து குறையவே இல்லை.

இதைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்காமலே கூட இருந்திருக்கலாம். பிழைத்துப் போகட்டும் என்று விட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் என் வீட்டுச் சண்டையை ஒருவன் என் முகத்திலிருந்து படித்து, அதற்கு ஆறுதலாக நாலு ஆட்டத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறான் என்ற வெட்கம் என்னைத் தின்றது. சீட்டை வாரி அவன் மடியில் எறிந்தேன்.

"இத்தன நாளா நாம ஆடலடா," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். "இவன் நமக்குப் பிச்சை போட்டுக்கிட்டு இருந்திருக்கான். கேட்டுப் பாருங்க, இல்லன்னு சொல்லட்டும்."

யாரும் கேட்கவில்லை. பைலி இல்லையென்று சொல்லவும் இல்லை. அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாததா? மூன்று வாரம் அழகாகச் சொன்னவன்தானே. ஆனால் எங்கள் மூன்று முகத்தையும் பார்த்திருப்பான், இனி எந்தப் பொய்யும் செல்லாது என்று கணக்குப் போட்டிருப்பான். ஹம்சா மெதுவாக எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே வெளியே போனான். சசி சீட்டைப் பொறுக்கி அடுக்கினான், எண்ணிப் பார்த்து டப்பாவில் வைத்து மூடினான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு பைலி ஷெட்டுக்கு வெளியே, எடைமேடைப் பக்கம் ஒரு கல்லில் உட்காரத் தொடங்கினான். லாரி வந்தால் வருவான், சுமப்பான், திரும்பக் கல்லுக்குப் போய்விடுவான். அவன் இருக்கும்போது யாரும் சீட்டை எடுப்பதில்லை. ஒரு மாதம் கழித்து அவனே யூனியனுக்கு எழுதிக்கொடுத்து, தூரத்து ஊர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்கு மாற்றல் வாங்கினான். மனுவில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

கிளம்புகிற அன்று மதியம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு துணிப்பை, ஒரு குடை, அவன். ஏலிக்குட்டி வரவில்லை, தன் தங்கை வீட்டில் இருந்தாள். நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தேன். தப்பு என்மேல், என் வீட்டுக் கோபத்தை உன்மேல் காட்டிவிட்டேன், நீ பாயில் உட்காருவதற்கு நான்தான் சண்டை போட்டிருக்க வேண்டும், மன்னித்துவிடு. இவ்வளவுதான். அவன் எதிரே நின்றேன். வாய் திறக்கும் முன்பே அவன் முகம் மாறியது. எல்லாவற்றையும் படித்துவிட்டான் என்று தெரிந்தது.

"எனக்குத் தெரியும்டா," என்றான். "தெரிஞ்சாலும் பரவால்ல, நீ வாயால சொல்லு. என்கிட்ட ஒருத்தன் ஒரு பேச்ச முழுசா சொல்லி முடிச்சு ரொம்ப நாளாச்சு."

நான் சொல்லவில்லை. அதுதான் தெரிந்துவிட்டதே, இனி எதற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெட்கமா, வீம்பா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பஸ் வந்தது. அவன் பையை எடுத்துக்கொண்டு ஏறி, என் பக்கம் இருந்த ஜன்னலை விட்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தான்.

நான் சொல்ல மாட்டேன் என்பதும் அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டேதான் கேட்டான்.